குழாய்களுக்கும் படிக்கட்டுக்கும் ஓர் இடம்: லூயி கானின் கட்டடங்களைப் புரிந்துகொள்ள ஒரு வழி

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மேடையோடு கூடிய பெரிய ஹால் ஒன்று இருக்கும். மற்றதெல்லாம் அதற்காகத்தான்: பின்பக்கம் சமையலறை, பாத்திரம் கழுவும் இடம், ஸ்டோர் ரூம், ஜெனரேட்டர், மாடிப்படி, கழிப்பறை. ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் இவற்றை நினைப்பதுகூட இல்லை. ஆனால் இவற்றில் ஒன்று மக்கர் செய்தால் போதும், கல்யாண வீடே கலவரமாகிவிடும். ஆக, ஒரு கட்டடத்துக்குள் இரண்டு வகை இடங்கள் உண்டு. எந்தக் காரியத்துக்காகக் கட்டடம் எழுந்ததோ அந்தக் காரியம் நடக்கும் இடம் ஒன்று. அது நடப்பதற்காக உழைக்கும் இடம் இன்னொன்று. முதலாவதைச் சேவை பெறும் இடம் என்றும், இரண்டாவதைச் சேவை செய்யும் இடம் என்றும் பிரித்து, அந்தப் பிரிவையே தன் கட்டடக் கலையின் அடிப்படையாக வைத்துக்கொண்டவர் லூயி கான். அகமதாபாத் ஐஐஎம் கட்டடத்தின் பெரிய செங்கல் வட்டங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர் வடிவமைத்ததுதான் அது.

இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே, இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றலாம். கான் இதைச் சொன்ன காலத்தை வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

1950-களின் அமெரிக்காவில் கட்டடங்களுக்குள் இயந்திரங்கள் கூட்டம் கூட்டமாக நுழைந்துகொண்டிருந்தன. ஏசி, அதற்கான பெரிய காற்றுக் குழாய்கள், டியூப்லைட் வரிசைகள், தீயணைப்புக் குழாய்கள், தொலைபேசிக் கம்பிகள். ஆய்வகம் என்றால் இன்னும் மோசம்: எரிவாயு, வடிநீர், நச்சுக்காற்றை வெளியேற்றும் குழாய்கள் என்று பட்டியல் நீளும். இவற்றுக்கு அன்றைய கட்டடக் கலைஞர்கள் கண்டுபிடித்த சுலபமான வழி, தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் திணித்துவிடுவது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் அறையின் உயரம் குறையும், உத்தரம் எங்கே ஓடுகிறது, தூண் எதைத் தாங்குகிறது என்பது மறைந்துபோகும். ஒரு குழாய் கெட்டால் கூரையைப் பிரிக்க வேண்டும்.

கானுக்கு இது பொறுக்கவில்லை. குழாய்கள் என்றாலே தனக்கு அடியோடு பிடிக்காது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படிப் பிடிக்காததால்தான் அவற்றுக்கென்று ஓர் இடம் கொடுத்தாக வேண்டும் என்று நினைத்தாராம். வெறுத்துவிட்டு சும்மா இருந்தால் அவை கட்டடத்துக்குள் புகுந்து அதை நாசமாக்கிவிடும் என்பது அவர் வாதம். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும், நீ என்னவாக ஆசைப்படுகிறாய் என்று அவர் செங்கல்லிடம் கேட்ட கதையைத்தான் சொல்வார்கள். அதைவிட இந்தக் குழாய்க் கதை பயனுள்ளது என்பேன். இது தெரிந்தால் அவருடைய எந்த வரைபடத்தையும் கையில் எடுத்துப் படித்துவிடலாம்.

சரி, இந்த மனிதர் யார்?

1901-இல், அன்று ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்த எஸ்டோனியாவில், ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போது கனன்றுகொண்டிருந்த கரியின் வெளிச்சத்தில் மயங்கி, அதை அள்ளித் தன் உடுப்பில் போட்டுக்கொண்டார். தீ பற்றி முகமும் கைகளும் வெந்துபோயின. அந்தத் தழும்பு கடைசிவரை முகத்தில் இருந்தது. 1906-இல் குடும்பம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயும் வறுமைதான், வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பையன் நன்றாகப் படம் வரைவான், பியானோ வாசிப்பான். ஊமைப்படக் கொட்டகைகளில் படம் ஓடும்போது பியானோ வாசித்து வீட்டுக்குப் பணம் கொண்டுவந்தான்.

ஃபிலடெல்ஃபியா அவருக்குக் கொடுத்ததை இங்கே சொல்லாமல் போனால் நியாயமில்லை. இலவசமாக ஓவியம் கற்றுக்கொடுத்த கிராஃபிக் ஸ்கெட்ச் கிளப், நல்ல அரசுப் பள்ளி, அந்தப் பள்ளியின் கடைசி ஆண்டில் இருந்த கட்டடக் கலை வரலாற்று வகுப்பு: காசில்லாத ஒரு குடியேறிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இவையெல்லாம் கதவைத் திறந்து வைத்திருந்தன. ஓவியனாக வேண்டும் என்றிருந்தவரை அந்த ஒரு வகுப்புதான் திசைமாற்றியது. தெருவில் நடந்து போகிற ஒரு சிறுவன், தான் பின்னாளில் என்னவாக ஆசைப்படுவான் என்பதை அந்த நடையிலேயே உணர்ந்துகொள்ளும்படி நகரம் இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் கான் சொன்னார். அவர் சொன்னது தன்னுடைய கதையைத்தான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்து 1924-இல் பட்டம் பெற்றார். அங்கே அவருடைய ஆசிரியர் பால் க்ரெட்டும் குடியேறியவரே, பிரான்சின் லியோனிலிருந்து வந்தவர். க்ரெட் கற்றுக்கொடுத்தது பழைய பிரெஞ்சு முறை: சமச்சீரான வரைபடம், தெளிவான அறைகள், கனமான சுவர்கள். படிப்பு முடிந்த சில ஆண்டுகளில் பெரும் பொருளாதார மந்தம் வந்து வேலையே இல்லாமல் போனது. அப்புறம் தொழிலாளர் குடியிருப்புகள், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவது என்று காலம் ஓடியது. ஐம்பது வயதுவரை பெயர் சொல்லும்படியான பெரிய கட்டடம் எதுவும் அவர் கையில் இல்லை. 1950-51-இல் ரோமில் தங்கி, இத்தாலி, கிரேக்கம், எகிப்து என்று சுற்றினார். அங்கே அவர் வரைந்த படங்களைப் பார்த்தால் எங்கும் கல்லும் நிழலும்தான். மெல்லிய கண்ணாடிப் பெட்டிகள் அமெரிக்கா முழுக்க எழுந்துகொண்டிருந்த நேரத்தில் இவர் கனத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் கட்டியது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம், 1953. நம் விஷயத்தின் முதல் தடயம் இங்கேதான். கூரையை முக்கோணங்களாலான கான்கிரீட் கூடுபோல அமைத்து, அந்தக் கூட்டுக்குள்ளேயே காற்றுக் குழாயையும் மின்கம்பியையும் ஓடவிட்டார். ஃபால்ஸ் சீலிங் இல்லை. தாங்குவதும் அந்தக் கூடுதான், குழாயைச் சுமப்பதும் அதுதான். படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை எல்லாம் கட்டடத்தின் நடுப்பட்டையில் ஒதுங்கிக்கொள்ள, இரண்டு பக்கமும் கலைப்பொருட்களுக்குத் திறந்த கூடங்கள் கிடைத்தன.

ஆனாலும் இந்தக் கருத்தைக் கற்றுக்கொள்ள யேலைவிட நல்ல இடம் நியூ ஜெர்சியில் ட்ரென்டன் நகருக்கு அருகே இருக்கிறது. நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் உடை மாற்றிக்கொள்ளும் ஒரு சின்னக் கட்டடம், 1955-இல் ஒரு யூதச் சமூக மையத்துக்காகக் கட்டியது. மலிவான கான்கிரீட் கற்கள், மரக் கூரை, அவ்வளவுதான் செலவு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் முழுச் சூத்திரமும் இதற்குள் இருக்கிறது.

நடுவில் திறந்த முற்றம். அதன் நான்கு பக்கமும் நான்கு சதுரக் கொட்டகைகள். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி இருக்கும். ஆண்கள் உடை மாற்ற ஒன்று, பெண்களுக்கு ஒன்று, துணிக்கூடைகளை வாங்கி வைக்க ஒன்று, குளத்துக்கு ஏறிப்போக ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் பிரமிடு வடிவக் கூரை, உச்சியில் வானம் தெரிய ஒரு திறப்பு. அந்தக் கூரை சுவரின் மேல் உட்காரவில்லை. மூலைகளில் நிற்கும் தூண்களின் மேல் உட்கார்கிறது. அதனால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி கிடைத்து, காற்றும் வெளிச்சமும் தாராளமாக வருகின்றன.

இப்போது அந்தத் தூண்களைக் கவனியுங்கள். அவை கெட்டியான தூண்கள் இல்லை, ஆள் நுழையும் அளவுக்கு உள்ளே வெற்றிடம் கொண்ட சதுரக் கூடுகள். ஒன்றுக்குள் கழிப்பறை இருக்கிறது. இன்னொன்றுக்குள் குளத்துக்கு வேண்டிய சாமான்கள். வேறொன்று நுழைவாயில்: உள்ளே போய் ஒரு திருப்பம் திரும்பித்தான் உடை மாற்றும் இடத்துக்கு வர முடியும் என்பதால், கதவே இல்லாமல் மறைவு கிடைத்துவிடுகிறது. கூரையைத் தாங்கும் பொருளே சேவை செய்யும் அறையாகவும் ஆகிவிட்டது. அதனால் நடுவிலுள்ள சதுரத்துக்குள் எந்த இடைஞ்சலும் இல்லை. எது தாங்குகிறது, எது உதவுகிறது, எது உதவி பெறுகிறது என்பதெல்லாம் கண்ணாலேயே தெரிகிறது. இந்தச் சிறு கட்டடத்தை முடித்த பிறகுதான் தன்னைத் தானே கண்டுகொண்டதாகக் கான் சொன்னார்.

இந்தக் கண்டுபிடிப்பில் ஆன் டிங் என்ற கட்டடக் கலைஞருக்குப் பெரிய பங்கு உண்டு. கானின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர், முக்கோணம், சதுரம் போன்ற வடிவங்களின் கணிதத்தில் ஆழ்ந்தவர். யேல் கூரையிலும் ட்ரென்டன் வரைபடத்திலும் அவர் சிந்தனை இருக்கிறது. நீண்ட காலம் கான் பெயர் மட்டுமே பேசப்பட்டது. அது சரியில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்து வந்ததுதான் அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோன ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக 1957-இல் வடிவமைக்கத் தொடங்கினார். ஆய்வகத்தில் உள்ள பெரிய சிக்கல் காற்று. ரசாயனங்களும் சோதனை விலங்குகளும் இருக்கிற அறைகளின் அழுக்குக் காற்று வெளியே போக வேண்டும். உள்ளே வரும் நல்ல காற்றோடு அது கலக்கவே கூடாது. கான் என்ன செய்தார் தெரியுமா? அழுக்குக் காற்று போகும் குழாய்களையும் படிக்கட்டுகளையும் கட்டடத்துக்கு வெளியே எடுத்து, செங்கல் கோபுரங்களாக ஆய்வகங்களின் பக்கவாட்டில் நிற்க வைத்தார். அவை கூரையையும் தாண்டி உயர்ந்து போகின்றன. நல்ல காற்றைத் தாழ்வான உயரத்தில் உள்ளிழுக்கும் ஏற்பாடும், லிஃப்டும், விலங்குகளுக்கான இடமும் இன்னொரு நடுக் கோபுரத்தில். ஆய்வக மாடிகள் இவற்றுக்கு இடையே, உள்ளே தூண் எதுவும் இல்லாத சதுரங்களாகத் தொங்குகின்றன. மூலைகளில்கூடத் தூண் இல்லை, கண்ணாடிதான். தூரத்திலிருந்து பார்த்தால் இத்தாலியப் பழைய ஊர் ஒன்றின் கோபுரக் கூட்டம் மாதிரி இருக்கும். 1961-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த ஒரே கட்டடத்துக்காகக் கண்காட்சி வைத்தது.

இதை முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் துண்டுகளால் கட்டிக்காட்டிய பொறியாளர் ஆகஸ்ட் கோமென்டான்ட். அவரும் எஸ்டோனியாவிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஒரே சின்ன நாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் ஃபிலடெல்ஃபியாவில் சந்தித்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சண்டையும் சமாதானமுமாகச் சேர்ந்து வேலை செய்தார்கள். கானின் பெரிய கட்டடங்கள் பலவற்றின் எலும்புக்கூடு கோமென்டான்ட் போட்ட கணக்கு.

புகழ் ஒரு பக்கம் இருக்க, ரிச்சர்ட்ஸில் வேலை செய்த விஞ்ஞானிகள் திண்டாடினார்கள். மூலைக் கண்ணாடி வழியே வெயில் நேராக மேஜையில் அடித்தது. ஜன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டி வைத்துச் சமாளித்தார்கள். மேலே திறந்தபடி ஓடும் குழாய்களில் தூசி சேர்ந்தது. தனியாக உட்கார்ந்து யோசிக்க மூலை கிடைக்கவில்லை. என் பார்வையில், கோபுரங்கள் காட்சிக்குப் பிரமாதம், ஆனால் சேவை பெறும் அறைக்குப் போதிய சேவை கிடைக்கவில்லை. காற்றை அவ்வளவு கவனித்தவர் வெயிலைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். கருத்து சரி, முதல் பெரிய முயற்சி பாதிதான் தேறியது.

இந்த ரிச்சர்ட்ஸைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க். அவரும் குடியேறிய யூதக் குடும்பத்தில் வந்தவர். கலிஃபோர்னியாவில் பசிபிக் கடலோரம், லா ஹோயாவில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்க நினைத்திருந்தார். இருவருக்கும் ஒத்துப்போனது. ஆனால் சால்க் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு வடிவமைப்பை ஒப்புக்கொண்ட பிறகு, மனசு கேட்காமல், முதலிலிருந்து வேறு மாதிரி செய்யலாம் என்றார். கானும் செய்தார். 1965-இல் எழுந்தது சால்க் நிறுவனம்.

இங்கே கான் குழாய்களைக் கோபுரத்தில் ஏற்றவில்லை. அவற்றுக்கென்று ஒரு முழு மாடியையே கொடுத்துவிட்டார். ஒரு ஆய்வக மாடி, அதன் மேல் ஒரு குழாய் மாடி, மறுபடி ஆய்வகம், மறுபடி குழாய். ஒவ்வொரு கட்டடத்திலும் ஆய்வகத்துக்கு மூன்று, குழாய்க்கு மூன்று. குழாய் மாடியின் உயரம் சுமார் 9 அடி, ஆள் நிமிர்ந்து நடந்து பழுது பார்க்கலாம். அந்த மாடிக்குள்தான் கோமென்டான்ட் வடிவமைத்த பெரிய கான்கிரீட் சட்டங்களும் ஓடுகின்றன. சட்டத்தின் ஓட்டைகள் வழியே குழாய்கள் போகும், அதே சட்டம் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை தூணில்லாமல் தாங்கவும் செய்யும். அதனால் கீழே இருக்கிற ஆய்வகம் சுமார் 65 அடி அகலம், 245 அடி நீளத்துக்குத் தடையில்லாத ஒரே கூடம். புதிய கருவி வந்தால், மேலே ஏறி ஒரு இணைப்பு கொடுத்து, கூரையிலுள்ள நீண்ட திறப்பு வழியே கீழே இறக்கினால் தீர்ந்தது. கீழே நடக்கும் ஆராய்ச்சியை நிறுத்த வேண்டியதில்லை. அறுபது ஆண்டுகளில் உயிரியல் ஆராய்ச்சி எவ்வளவோ மாறிவிட்டது. அந்தக் கூடங்கள் இன்றும் ஆய்வகங்களாகவே இருக்கின்றன.

ரிச்சர்ட்ஸில் விட்ட இன்னொன்றையும் இங்கே சரிசெய்தார். விஞ்ஞானிகள் தனியாக உட்கார ஆய்வகத்தை விட்டு விலகிய சிறு அறைகள், தேக்கு மரச் சட்டங்களோடு, சுவரைக் கோணமாகத் திருப்பி வைத்துக் கடலைப் பார்க்கும்படி. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே உள்ள முற்றத்தில் முதலில் மரங்கள் வைப்பதாக இருந்தது. மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகான் வந்து பார்த்து, ஒரு இலைகூட வேண்டாம், கல் தளமாகவே விடுங்கள் என்றார். அப்படியே விட்டு, நடுவில் கடலை நோக்கி ஓடும் ஒரு மெல்லிய நீர்க்கால் மட்டும் வைத்தார்கள்.

டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் 1972-இல் திறந்த கிம்பெல் அருங்காட்சியகத்தில் இதே கருத்து இன்னும் அமைதியாக வேலை செய்கிறது. 100 அடி நீளமுள்ள வளைவுக் கூரைகள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கீறல்; அதன் வழியே இறங்கும் வெயிலை ஓர் அலுமினியத் தகடு பிரதிபலித்துக் கான்கிரீட் வளைவின் மேல் பரவச் செய்கிறது. ஓவியத்தின் மேல் வெயில் நேராகப் படாது. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே தட்டையான, தாழ்ந்த கூரைப் பட்டை ஒன்று வருமே, காற்றுக் குழாய்கள் அங்கேதான். உயர்ந்த வளைவு சேவை பெறும் இடம், தாழ்ந்த பட்டை சேவை செய்யும் இடம். யாரும் சொல்லித்தர வேண்டாம், கூரையின் உயரமே சொல்லிவிடும்.

நம் பக்கம் அவர் வந்தது 1962-இல். விஞ்ஞானி விக்ரம் சாராபாயும் தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் முன்னின்ற அகமதாபாத் ஐஐஎம்-க்கு, கட்டடக் கலைஞர் பி.வி. தோஷியின் யோசனைப்படி கானை அழைத்தார்கள். இங்கே ஏசிக் குழாய்கள் பிரச்சினை இல்லை, வெயில்தான் பிரச்சினை. ஆழமான நிழல் தரும் செங்கல் சுவர்கள், வளைவு விரிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் கான்கிரீட் கட்டைகள், அவற்றுக்குப் பின்னால் காற்றோட்டமான இடைவெளிகள். மாணவர் விடுதிகளில் அறைகள் படிக்கட்டையும் தேநீர் குடிக்கும் கூடத்தையும் சுற்றி அமைந்திருக்கின்றன. வெறும் நடைபாதை என்று போய்விடக்கூடிய இடம் மாணவர்கள் கூடிப் பேசும் இடமாகிவிட்டது. சேவை செய்யும் இடத்துக்கு மதிப்புக் கொடுத்தால் இப்படியும் நடக்கும். 2020 டிசம்பரில் இந்த விடுதிகளில் 14-ஐ இடித்துவிடலாம் என்று நிர்வாகம் அறிவித்தபோது உலகம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பி, சில நாட்களில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பராமரிப்பு உண்மையிலேயே கடினம்தான், செங்கல் அரித்திருக்கிறது. இருந்தாலும் இடிப்பது அதற்கு மருந்தில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அதே 1962-இல் வந்த இன்னொரு வேலை டாக்கா நாடாளுமன்றம். நடுவில் அவைக் கூடம். சுற்றிலும் அலுவலகங்களும் தொழுகை இடமும் தனித்தனிக் கட்டைகளாக. இரண்டுக்கும் நடுவே மேலிருந்து ஒளி இறங்கும் உயரமான நடைவழி. வெளிச்சுவர்களில் பிரம்மாண்டமான வட்டங்களும் முக்கோணங்களும். அந்த வெளிச்சுவரின் வேலை வெயிலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கிற ஜன்னலுக்கு நிழலை மட்டும் அனுப்புவது. ரிச்சர்ட்ஸில் வெயிலைக் கவனிக்காமல் விட்டவர், இங்கே வெயிலுக்கென்றே ஒரு சுவரை ஒதுக்கிவிட்டார். 1971 போரில் வேலை நின்றது, பிறகு தொடர்ந்தது. கட்டடம் முடிந்தது 1980-களின் தொடக்கத்தில். அதைப் பார்க்கக் கான் இல்லை.

1974 மார்ச் 17 அன்று, அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் பென்சில்வேனியா ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 73. குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேரவே இரண்டு நாட்களாயின. உலகப் புகழ் பெற்றவரின் அலுவலகம் அப்போது பெரும் கடனில் இருந்தது.

இனி நீங்களே படித்துப் பழகலாம். முதலில் ட்ரென்டன் வரைபடத்தை இணையத்தில் தேடி எடுங்கள். படிக்கட்டு, கழிப்பறை, சாமான் அறை, குழாய்ப் பாதை எல்லாவற்றையும் பென்சிலால் நிழல் போடுங்கள். மீதி வெள்ளையாக இருக்கட்டும். வெள்ளைப் பகுதி ஒழுங்கான ஒரு வடிவமாக மிஞ்சுகிறதா, நிழல் பகுதிக்கும் தனக்கென்று ஒரு வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரென்டனில் இரண்டுக்கும் பதில் ஆம். அப்புறம் ரிச்சர்ட்ஸ். சால்க்குக்கு வரும்போது தளத்தின் வரைபடம் போதாது, கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் வெட்டுத்தோற்றம் வேண்டும், ஏனென்றால் அங்கே நிழல் போட வேண்டிய இடம் பக்கத்தில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது.